‘எங்கள்’ என்ற சொல்லின் எல்லை: சபை வாழ்விலும் ஊழியத்திலும் ஜெபத்தின் இடம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்களோடு பழகியவர்களுக்கு ஒரு காட்சி மிகவும் பழக்கமானதாக இருக்கும். போர் போட வண்டி வந்து நின்றாலும், பெண் பார்க்கக் கிளம்பினாலும், பையன் பெங்களூருவில் வேலைக்குச் சேரப் பெட்டி கட்டினாலும், வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்களை மூடிவிடுவார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நிற்பார்கள். ஆலயத்திலும் இதே கதைதான். கமிட்டிக் கூட்டம், கணக்கு வாசிப்பு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி என எதுவாக இருந்தாலும் ‘ஒரு சிறு ஜெபத்தோடு ஆரம்பிப்போம்’ என்ற வாக்கியம் முதலில் வந்துவிடும். எல்லா இடத்திலும் இருக்கிற ஒன்றை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை என்பதால், சபைக்குப் புதிதாக வந்த ஒருவர் ஜெபத்தைக் கூட்டம் தொடங்குவதற்கான மணியோசை போல எண்ணிக்கொள்ள இடமுண்டு. சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள் என்பது என் கருத்து. ஜெபம் என்றால் என்ன, ஒரு சபைக்கு அது ஏன் தேவைப்படுகிறது, சபைக்கு வெளியே இருக்கும் மக்களிடம் செல்லும் ஊழியப் பணிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைத் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘ஜெபம்’ என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். மந்திரத்தையோ திருப்பெயரையோ திரும்பத் திரும்ப முணுமுணுப்பது அதன் பழைய பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை எடுத்துக்கொண்டபோது பொருளை விரித்துவிட்டார்கள். கத்தோலிக்கர் ‘செபம்’ என்றும் ‘இறைவேண்டல்’ என்றும், சீர்திருத்தச் சபையார் ‘ஜெபம்’ என்றும் எழுதுகிறார்கள். அப்போஸ்தலர் பவுல் தன் உடனூழியர் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரம், ‘விண்ணப்பங்களையும் ஜெபங்களையும் வேண்டுதல்களையும் ஸ்தோத்திரங்களையும்’ என்று நான்கு சொற்களை அடுக்குகிறது. விண்ணப்பம் என்பது தாலுகா அலுவலகத்தில் நாம் எழுதிக் கொடுக்கிற அதே சொல்தான்: ஒரு குறிப்பிட்ட தேவையை, அதை நிறைவேற்றும் அதிகாரம் உடையவரிடம் வைப்பது. ஸ்தோத்திரம் என்பது நன்றியும் துதியும். கத்தோலிக்கத் திருப்பலியில் கேட்கும் ‘மன்றாட்டு’ என்ற சொல்லோ இன்னும் அழகானது. மன்று என்பது ஊர் கூடி வழக்குக் கேட்கும் இடம். அந்த மன்றில் நின்று எடுத்துரைப்பதே மன்றாடுதல். தனக்காகவும் மன்றாடலாம், ஆனால் பேச வாய்ப்பில்லாத இன்னொருவருக்காக எழுந்து நிற்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு முழு வலிமை கிடைக்கிறது.

பவுலின் அந்த வசனத்தில் நான்கு சொற்களைவிட முக்கியமானது, அவற்றுக்கு முன்னால் வரும் ‘எல்லா மனுஷருக்காகவும்’ என்ற தொடர். அடுத்த வசனத்தில் ராஜாக்களும் அதிகாரமுள்ளவர்களும் சேர்க்கப்படுகிறார்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் யாரும் கிறிஸ்தவர்கள் அல்லர், ரோமப் பேரரசர்கள். சபை தன் நான்கு சுவருக்குள் கூடியிருந்தாலும், அதன் ஜெபம் அந்தச் சுவருக்குள் நின்றுவிடக் கூடாது என்பது முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்ட விதி.

இயேசு கற்பித்த ஜெபத்திலும் இதே நோக்கு இருக்கிறது. ‘ஜெபம்பண்ண எங்களுக்குப் போதியும்’ என்று சீஷர்களில் ஒருவர் கேட்டதாக லூக்கா எழுதுகிறார். வேறு எதையும் கற்பிக்கச் சொல்லிச் சீஷர்கள் இவ்வாறு கேட்டதாகச் சுவிசேஷங்களில் காணோம். கிடைத்த பதிலைத்தான் பரமண்டல ஜெபம் என்று ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘எங்கள் பிதாவே’, ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’, ‘எங்கள் கடன்களை’ என்று வருமே தவிர, ‘என்’ என்றோ ‘எனக்கு’ என்றோ ஓரிடத்திலும் வராது. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம்பண்ணு என்று மத்தேயுவின் ஆறாம் அதிகாரத்தில் சொன்னவர், மூன்றே வசனம் தள்ளி இந்தப் பன்மையைக் கற்பிக்கிறார். ஆகவே, தனியே அமர்ந்திருப்பவரும் தனக்காக மட்டும் பேச முடியாது. கதவைப் பூட்டிக்கொண்டாலும் ‘எங்கள்’ என்ற சொல்லோடு ஒரு கூட்டமே உள்ளே வந்துவிடுகிறது.

தமிழில் இந்த இடத்துக்குக் கூடுதலான ஒரு நுட்பம் உண்டு. நம் மொழியில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். கடவுளிடம் பேசும்போது ‘எங்கள் பிதா’ என்பதுதான் இலக்கணப்படி சரி. ஆனால் அந்த ‘எங்கள்’ என்ற வட்டத்துக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்பதை இலக்கணம் சொல்லாது. என் குடும்பம் மட்டுமா, என் சபையா, என் தெருவா, தெருவின் கடைசியில் நம் கோவிலுக்கு வராத வீடுகளுமா? இந்தக் கேள்விக்கு ஒரு சபை தரும் பதில்தான் அதன் ஊழியத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

முதல் சபை ஜெபித்த விதம்

அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புத்தகத்தைச் சபையின் முதல் முப்பது ஆண்டு வரலாறு என்று தோராயமாகச் சொல்லலாம். அதில் ஜெபம் நடக்கும் இடங்களை மட்டும் தொடர்ந்து வாசித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலாம் அதிகாரத்தில் மேல்வீட்டறையில் ஏறக்குறைய நூற்றிருபது பேர் காத்திருக்கிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் அவர்கள் வெளியே வந்து பேசுகிறார்கள். நான்காம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் மிரட்டப்பட்டு விடுவிக்கப்படுகிறார்கள். அன்றைய ஜெபத்தில் அந்தச் சபை கேட்டது எனக்கு எப்போதும் வியப்பூட்டும். ‘இந்த ஆபத்து நீங்க வேண்டும்’ என்று அவர்கள் கேட்கவில்லை. வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நம்முடைய விண்ணப்பப் பட்டியல்களோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆறாம் அதிகாரத்தில் ஒரு நிர்வாகச் சிக்கல் வருகிறது. விதவைகளுக்கான அன்றாட உணவுப் பங்கீட்டில் ஒரு மொழிக் குழுவினர் விடுபட்டுப்போகிறார்கள். அப்போஸ்தலர்கள் ‘ஜெபித்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தாங்கள் ஜெபத்திலும் வசனப் பணியிலும் நிலைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஜெபமும் சோறும் ஒரே பேச்சில் இடம்பெற்றன.

பன்னிரண்டாம் அதிகாரத்தில் சற்றுச் சிரிக்கவும் இடமுண்டு. பேதுரு சிறையில் இருக்கிறார். சபை ஒரு வீட்டில் கூடி அவருக்காக ஊக்கமாக ஜெபிக்கிறது. விடுதலையான பேதுரு அதே வீட்டின் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவர் குரலை அறிந்து, மகிழ்ச்சியில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்ல, ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் ‘நீ பிதற்றுகிறாய்’ என்கிறார்கள். தாங்கள் கேட்டதே வாசலில் வந்து நிற்பதை நம்ப முடியாத அளவுக்குத்தான் அவர்களுக்கும் விசுவாசம் இருந்தது. தன்னுடைய நம்பிக்கை போதாது என்று தயங்கும் புதியவர்கள் இந்தப் பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும்.

பதின்மூன்றாம் அதிகாரம் அந்தியோகியா என்ற நகரத்துச் சபையில் நடப்பது. உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து பர்னபாவும் சவுலும் (பின்னாளில் பவுல் எனப்பட்டவர்) பிரித்தெடுக்கப்பட்டு, மறுபடியும் உபவாசம், ஜெபம், கைகளை வைத்தல் ஆகியவற்றோடு அனுப்பப்படுகிறார்கள். கிறிஸ்தவ மிஷனெரிப் பணி என்று இன்று சொல்லப்படுவது ஒரு ஜெபக் கூட்டத்திலிருந்துதான் புறப்பட்டது.

கேட்டவர்களே அனுப்பப்படுவது

ஊழியத்துக்கும் ஜெபத்துக்கும் உள்ள தொடர்பை ஒரே இடத்தில் பார்க்க விரும்புவோர் மத்தேயுவின் ஒன்பதாம் அதிகார முடிவையும் பத்தாம் அதிகாரத் தொடக்கத்தையும் சேர்த்து வாசிக்கலாம். ‘அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்’ என்று சொல்லி, வேலையாட்களை அனுப்பும்படி அறுப்புக்கு எஜமானை வேண்டிக்கொள்ளச் சொல்கிறார் இயேசு. ராகி அறுவடைக்கோ மாங்காய் இறக்கவோ ஆள் கிடைக்காமல் தவிக்கும் நம் பகுதி விவசாயிகளுக்கு இந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த அதிகாரம் தொடங்கியதும், யாரிடம் ‘வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னாரோ அந்தப் பன்னிரண்டு பேரையே அவர் அனுப்புகிறார். ஆளைக் கேட்டு ஜெபித்தவர்களே அந்த ஆட்களாக மாறிப்போனார்கள்.

சபை வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் குடியேறியிருந்த மொராவியர்கள் என்ற சீர்திருத்தச் சபையினர் 1727 ஆகஸ்டில் இரவும் பகலும் இடைவிடாமல் முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடாமல் நீடித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1732இல், அந்தச் சிறு சமூகத்திலிருந்து முதல் மிஷனெரிகள் கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். 1760இல் அவர்களில் ஒரு குழு நம் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் என்ற அமைப்பின் பெயரிலேயே ‘ஜெபக்குழு’ என்ற பொருள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1950களின் இறுதியில் தென் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் கூடி ஜெபிக்கும் குழுவாகத்தான் அது தொடங்கியது; அனுப்பும் திட்டமோ அலுவலகமோ அப்போது இல்லை. 1960களில் அந்தக் குழு முதன்முதலாக ஊழியர்களை அனுப்பிய இடம் அன்றைய தர்மபுரிப் பகுதியின் பெரியமலை. வட இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் பின்னாளில் ஊழியர்களை அனுப்பிய அமைப்பு தன் முதல் அடியை நம் மலையடிவாரத்தில்தான் எடுத்து வைத்தது என்பது நம் சபையாரிலேயே பலருக்குத் தெரியாது. இன்றும் ஊர்தோறும் உள்ள சிறு ஜெபக்குழுக்கள் ஊழியர்களுக்காக ஜெபிப்பதும் காணிக்கை சேர்த்துத் தாங்குவதும் அந்த அமைப்பின் முறையாக இருக்கிறது.

கிருஷ்ணகிரிக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. இந்தியச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகப் பின்னாளில் வளர்ந்த பணி 1895இல் இந்த ஊரில்தான் தியோடர் நேத்தர் என்ற மிஷனெரியால் தொடங்கப்பட்டது. 1904இல் பிளேக் நோய் பரவியபோது அவரும் அதற்குப் பலியானார். நோயிலிருந்து காப்பாற்றும்படி அவருக்காக ஜெபித்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். கேட்டது கிடைக்கவில்லை. ஜெபத்தைப் பற்றி எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஜெபம் என்பது காசு போட்டதும் பொருள் விழும் இயந்திரம் அல்ல என்பதை, புதிதாக வருகிறவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ‘என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே’ என்று கெத்செமனேயில் ஜெபித்தவரும் சிலுவைக்குத்தான் போனார்.

ஒரு வாரத்தில் சபை எங்கெல்லாம் ஜெபிக்கிறது

நடைமுறைக்கு வருவோம். ஞாயிறு ஆராதனையில் ஜெபம் பல இடங்களில் வந்தாலும், பாவங்களை ஒப்புக்கொள்ளும் அறிக்கை ஜெபமும், பிறருக்காக வேண்டும் பொது ஜெபமும்தான் அதன் தூண்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் பொது ஜெபத்தின் இடத்தில் நம்பிக்கையாளர் மன்றாட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பல சபைகளில் உபவாச ஜெபம் நடக்கும். பகலில் நடப்பதால் வருபவர்களில் பெண்களே அதிகம், இந்த மாவட்டங்களின் சபைகளை உண்மையில் தாங்கி நிற்பவர்களும் அவர்களே. வாரநாள் மாலையில் வீட்டு ஜெபக் கூட்டம் முறைவைத்து நடக்கும். தர்மபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் அதில் அடங்கும். அதன் பங்குகளில் (ஊர்ச் சபைகளில்) அன்பியம் என்ற பெயரில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி செபிக்கின்றன. மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை வரும் உலக ஜெப நாளில் பிரிவு பாராமல் பெண்கள் சேர்ந்து ஜெபிக்கிறார்கள்.

இவற்றுள் வீட்டு ஜெபக் கூட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் சபையும் ஊரும் சந்திக்கும் இடம் அதுதான். ஆலயத்துக்குள் நுழையத் தயங்கும் அண்டை வீட்டார் பாய் விரித்த திண்ணையில் வந்து உட்காரத் தயங்குவதில்லை. ‘அக்கா, என் பேரனுக்குக் காய்ச்சல், அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்று, ஒருபோதும் ஆலயத்துக்கு வராத ஒருவர் வாசலில் நின்று கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கணத்தில் ‘எங்கள்’ என்ற வட்டம் ஒரு வீடு அகலமாகிறது. அவர் கேட்டது பேரனுக்காக. ஆகவே பேரனுக்காகவே ஜெபிக்க வேண்டும். அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பிரசங்கம் செய்வது, கேட்டவரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். மறுநாள் போய்க் காய்ச்சல் இறங்கியதா என்று விசாரிப்பதும், தேவையானால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வதும் அந்த ஜெபத்தின் தொடர்ச்சிதான். ‘மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசித்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் சொன்னவரும் பவுல்தான்.

வழக்கத்தில் நுழைந்துவிட்ட வேறு சில குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் அடுத்த வீட்டுச் சண்டை, யாரோ ஒருவரின் கடன், யாரோ ஒருவர் மகளின் காதல் எல்லாம் கூட்டத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடுவதுண்டு. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவர் காரியத்தைப் பெயர் சொல்லி ஜெபிப்பது புறங்கூறலுக்குப் பக்தி வேடம் போடுவதே. ‘ஒரு சகோதரியின் தேவைக்காக’ என்று சொன்னாலும் கடவுளுக்கு ஆள் யாரென்று தெரியும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் தடை விதித்திருக்கிறது. முழு இரவு ஜெபம் நடத்தும் சபைகள் இதை நினைவில் கொள்வது நல்லது. பகல் ஷிப்ட் முடித்துத் தூங்கும் தொழிலாளியின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டு, காலையில் அவரிடம் நற்செய்தி சொல்லப் போக முடியாது.

இன்னொரு குறை இதைவிட நுட்பமானது: ஜெபித்ததையே செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது. உடையில்லாதவரைப் பார்த்து ‘சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். நம் மாவட்டங்களில் இதற்குத் தண்ணீரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. மூட்டு மடங்காமல் தவித்த முதியவர்களும் உண்டு. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டதே இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான். ஞாயிறுதோறும் மழைக்காகவும் நல்ல தண்ணீருக்காகவும் ஜெபிக்கிற சபை, குழாயில் தண்ணீர் வராத தெருவுக்காகக் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து மனு கொடுக்கவும் வேண்டும். விண்ணப்பம் என்ற சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்துவது தற்செயல் அல்ல என்றே நான் நினைத்துக்கொள்வேன். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று அந்த மனுவில் எழுத இடமில்லை.

தொடங்குபவருக்கு

சத்தமாக ஜெபிக்கத் தெரியவில்லை என்பதுதான் புதியவர்கள் சொல்லும் முதல் தயக்கம். ‘தேவரீர்’, ‘கிருபாசனம்’, ‘அநுக்கிரகித்தருளும்’ போன்ற சொற்களைக் கேட்டு, இந்த மொழி கைவந்தால்தான் ஜெபம் ஏறும் என்று எண்ணிவிடுகிறார்கள். பழைய வேதாகம மொழிபெயர்ப்பும் ஜெபப் புத்தகங்களும் நம் செவியில் விட்டுச்சென்ற நடை அது. அதற்கென ஓர் அழகு உண்டு. ஆனால் அது நிபந்தனை அல்ல. ‘நீர்’ என்று இந்தப் பகுதியில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுவன் ‘ஆண்டவரே, நீங்க எங்க ஆயாவைப் பாத்துக்கோங்க’ என்று ஜெபித்தபோது அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம், நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்கள் தேவையைப் பிதா அறிவார் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம் போதும். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்து, அதிலுள்ள சொற்களையே திருப்பிச் சொல்லலாம். பிறகு மூன்று பெயர்கள்: வீட்டில் ஒருவர், சபையில் ஒருவர், சபைக்கு வெளியே ஒருவர். மூன்றாவது பெயர்தான் சிரமம். ஒரு மாதம் வரை அங்கே யார் பெயரும் தோன்றாமல் போகலாம். அப்படித் தோன்றாததே ஒருவருக்குத் தன்னைப் பற்றி நிறையச் சொல்லும். பெயர் கிடைத்துவிட்டால், காலையில் அவருக்காக ஜெபித்தவர் மாலையில் டீக்கடையில் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு போவது எளிதாக இருக்காது.

கூட்டத்தில் வாய் திறக்க இன்னும் துணிவு வரவில்லை என்றால், ‘ஆமென்’ என்ற ஒரு சொல் போதும். ‘அப்படியே ஆகட்டும்’ என்ற பொருளுடைய எபிரெயச் சொல் அது. ஒருவர் சொன்ன ஜெபத்தைக் கூட்டம் முழுவதும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வது அந்தச் சொல்லில்தான் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாதபடி ஜெபித்தால் அவர் எப்படி ஆமென் சொல்ல முடியும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கூட்டங்களில் தமிழர், தெலுங்கர், கன்னடர் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதுண்டு. தெலுங்கில் ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது ஒருவர் காதோடு அதைத் தமிழில் சொல்லுவார். முடிவில் வரும் அந்தச் சொல் மூன்று மொழியிலும் ஒன்றுதான்.